வெறும் ஃபோல்டர்

கார்த்திகை பிறந்து நாலாம் நாள், வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, நாட்டரசன்கோட்டையிலிருந்து கதிரவன் போன் பண்ணினார். கதிரவன் தச்சு மேஸ்திரி. வைரவனுக்கு மச்சான், பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவர். போனை எடுத்ததும் முதலில் சாப்பாட்டை விசாரிக்கிற மனிதர். அன்றைக்கு விசாரிக்கவில்லை.

“மாப்ளே, வளவு ஃபோல்டரைத் திறந்தா பட்டாலைப் படமா வருது.”

“சரியாப் பாருங்க மச்சான். வேற எதையாச்சும் திறந்திருப்பீக.”

“அறுநூத்திப் பன்னெண்டையும் பாத்துட்டேன். அம்புட்டும் பட்டாலை. ஒரு தூணக் காணோம்.”

வைரவன் தன் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தான். வளவு என்று பெயர் போட்ட ஃபோல்டருக்குள் முன்கூடமான பட்டாலையின் படங்கள் ஒழுங்காக வரிசை கட்டி உட்கார்ந்திருந்தன. எண்ணிக்கை சரி, அளவு சரி. பக்கத்தில் அவனுடைய மெஷின் போட்டிருந்த பச்சைப் புள்ளியும் இருந்தது.

விஷயம் இதுதான். நேமத்தான்பட்டியில் மீனம்மாள் ஆச்சியின் பங்குக்கு வந்தது வீட்டின் வளவுப் பகுதி, அதாவது நடு முற்றமும் அதைச் சுற்றித் தூண்களும் மேலே மரக்கட்டும். பங்காளிகளுக்குள் பேச்சு முடிந்து, அதைக் கழற்றிக்கொண்டு போய் நாட்டரசன்கோட்டையில் தன் சொந்த மனையில் அப்படியே நிறுத்த வேண்டும் என்றார் ஆச்சி. பழைய வீடுகளைக் கழற்றிப் பூட்டுகிற வேலையைச் செய்யும் காரைக்குடி ஆபீஸ் ஒன்று அதை எடுத்தது. அந்த ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன்தான் வைரவன். தச்சர் வீட்டுப் பிள்ளை. உளி பிடிக்கக் கை வரவில்லை, கம்ப்யூட்டர் வந்தது. அதற்காக வீட்டில் யாரும் ஒப்பாரி வைக்கவில்லை.

ஆனி மாதம் வளவைக் கழற்றினார்கள். தூண், உத்தரம், தூண் தலையில் வரும் போதிகை, பலகை என்று அறுநூற்றுப் பன்னிரண்டு உருப்படி. ஒவ்வொன்றிலும் ஒரு தகர வில்லையைக் கட்டி, அது இருந்த இடத்திலேயே வைத்துப் படம் எடுத்து, பிறகு இறக்கினார்கள். இரண்டு செட்டு ஆட்கள் இரண்டு மூலையிலிருந்து வேலை பார்த்ததால், எது முதலில் கைக்கு வந்ததோ அதற்கு அந்த நம்பர். வில்லையில் நம்பர் மட்டும்தான் இருக்கும். எந்த மரம் எந்த மூலையில், எதன் தலைமேல் உட்காரும் என்பது படத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

கதிரவனுக்கு அப்போதே மனசு ஒப்பவில்லை. ஒவ்வொரு பொருத்துக்கும் பின்பக்கமாக உளியால் ஒரு குறி போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டார்.

“பழைய மரத்துல புதுசா வெட்டு விழக் கூடாதுன்னு ஆபீஸ்ல கண்டிசன் மச்சான்” என்றான் வைரவன். “படம் இருக்குல்ல. தெனம் பேக்கப் ஏறுது. ஒரு படம் தொலஞ்சாலும் என் மெஷின் கத்திரும். நான் பொறுப்பு.”

நான் பொறுப்பு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கதிரவன் உளியைப் பையில் போட்டார். தை மாதம் முதல் தூண் நிறுத்த முகூர்த்தம் குறித்திருந்தது.

இனி அந்த மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆபீஸில் ஒரு கோளாறு நடந்தது. ஒரு கேபிள் பழுதாகி, பேக்கப்பில் ஏறிய படங்கள் அளவில் சரியாகவும் உள்ளே வெறும் சக்கையாகவும் இருந்தன. ஆறு வாரம் யாருக்கும் தெரியவில்லை. எண்ணிக்கையும் அளவும் பார்த்தால் போதும் என்று இருந்த காலம் அது. அதற்குப் பிறகு வைரவன் ஆன்லைனில் மெஷின் லேர்னிங் படித்தான். ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று ஒரு புரோகிராம் எழுதினான். பதினாலு மாத பேக்கப்பை அதற்குப் படிக்கக் கொடுத்து, ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று பழக்கினான். எத்தனை படம் கூடியது, எத்தனை மாறியது, மாறியதில் நிஜமாகவே புதுசு எவ்வளவு என்றெல்லாம் அது பார்க்கும். பந்தியில் நூறு பேர் சாப்பிட்டு எழுந்தும் அண்டாவில் சோறு குறையவில்லை என்றால் எங்கோ கோளாறு இருக்கிறது அல்லவா, அந்த மாதிரிக் கோளாறுகளைத்தான் அது தேடும். சந்தேகம் வந்தால் சிவப்புப் புள்ளி போட்டு ஒரு கேள்வி கேட்கும்: இழப்பா, வழக்கமா? வைரவன் இரண்டு பட்டனில் ஒன்றை அமுக்குவான். அமுக்குவதை அது பாடமாக எடுத்துக்கொள்ளும்.

நல்ல மெஷின். சும்மா சொல்லக் கூடாது. இரண்டு தடவை உண்மையான இழப்பைப் பிடித்துக் கொடுத்தது. ஆபீஸ் முதலாளி சத்தியமூர்த்தி இன்ஜினியர், வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிப் பெருமை அடித்துக்கொள்வார். கேட்கும்போது வைரவனுக்கு உள்ளுக்குள் இனிக்கும்.

கதிரவனின் போனை வைத்ததும் அவன் பேக்கப் டிஸ்க்கைத் திறந்தான். போன வாரத்துப் பிரதியிலும் பட்டாலை. போன மாதத்திலும் பட்டாலை. இருப்பதிலேயே பழைய பிரதி நாற்பத்தெட்டு நாளைக்கு முந்தியது. அதிலும் பட்டாலை. அதற்கு முன்னால் எதுவும் கிடையாது. எத்தனை நாள் வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தபோது சத்தியமூர்த்தி, “ஒரு மண்டலம் போதும்யா, எந்த நோயா இருந்தாலும் அதுக்குள்ள தெரிஞ்சிரும்” என்று சொல்லியிருந்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். வைரவனும்தான் ஆட்டினான்.

அவன் நாச்சியாரிடம் போனான். படங்களைப் பிரித்து ஃபோல்டரில் போடுகிற வேலை அவளுடையது. விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண், பி.எஸ்ஸி. படித்தவள், வேலையில் சுத்தம்.

“வளவுப் படம் எங்கத்தா?”

அவள் நெற்றியைச் சுருக்கினாள். பிறகு முகம் மாறியது.

“அண்ணே, அஜித் தம்பி கொண்டாந்து போடலியா?”

அஜித் சைட் இன்ஜினியர். இருபத்தாறு வயது, எதிலும் பரபரப்பு. ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஆச்சி வளவுப் படங்களைப் பார்க்க ஆசைப்பட்டார் என்று ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்திருக்கிறான். காப்பி பண்ணுவதற்குப் பதில் கட் பண்ணிவிட்டான். வளவு ஃபோல்டர் காலி. சாயங்காலம் நாச்சியார் பார்த்திருக்கிறாள். அஜித் எடுத்துப் போயிருக்கிறான், திரும்பக் கொண்டுவந்து போடுவான் என்று நினைத்துக்கொண்டாள். இதுவரைக்கும் எங்கும் நடப்பதுதான்.

“அதுவரைக்கும் வெறுமனே எப்டிண்ணே விடுறது? அதான் பட்டாலைப் படத்தைக் காப்பி பண்ணி நிரப்பி வச்சேன். எண்ணிக்கைக்கு அறுநூத்திப் பன்னெண்டு.”

வைரவன் அவளைத் திட்ட வாயைத் திறந்தான். திட்டவில்லை. ஏன் என்பது அவனுக்குத் தெரியும். மறுபடி தன் இடத்துக்குப் போய் மெஷினின் பதிவேட்டைத் திறந்தான்.

பதிவேட்டில் எல்லாம் இருந்தது. சித்திரை மாதம் முதல் தடவை மெஷின் சிவப்புப் புள்ளி போட்டது: சமையல்கட்டு ஃபோல்டரில் நாற்பது படம் மாறியிருக்கிறது, ஆனால் புதுசாக எதுவும் வரவில்லை, இழப்பா, வழக்கமா? அன்றைக்கும் அவன் நாச்சியாரிடம் போய்க் கேட்டான். படங்களை வேறு இடத்துக்கு மாற்றினேன், ஃபோல்டர் காலியாகிவிட்டது, வெறுமனே விடக் கூடாதில்லையா, பழைய படத்தில் கொஞ்சம் போட்டு வைத்தேன் என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் அம்மா அரிசி டப்பாவை ஒருநாளும் துடைத்து எடுத்ததில்லை. ஒரு பிடி கிடக்கும். எதிர்வீட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அவன் பெண்டாட்டி ரெண்டு கற்கண்டாவது போடுவாள். இதில் என்ன தப்பு? வந்து ‘வழக்கம்’ என்று அமுக்கினான்.

வைகாசியில் மூன்று தடவை கேட்டது. வழக்கம், வழக்கம், வழக்கம். ஆனியில் நாலு. ஆடியில் ஒன்று. ஆக மொத்தம் ஒன்பது. ஒன்பதாவது தடவை கேட்டபோது, இதென்ன தொணதொணப்பு என்று கேள்வியை முழுசாகப் படிக்காமலே அமுக்கியது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு அது கேட்கவில்லை. சொன்ன பாடத்தை ஒழுங்காகப் படித்துக்கொண்டது, பாவம். ஆவணி வெள்ளிக்கிழமை அறுநூற்றுப் பன்னிரண்டு படம் மாறி ஒன்றுகூடப் புதுசாக வராதபோது, அது பார்த்தது. பார்த்ததும் பதிவேட்டில் எழுதியது: வழக்கம். அந்த வார்த்தையை அவன் மூன்று தடவை படித்தான்.

கேமரா கார்டுகளை அடுத்த வேலைக்காக எப்போதோ அழித்தாயிற்று. இன்னும் ஒரு வழி இருந்தது. பென்டிரைவ்.

“அதத்தான் ஆச்சி ஒரு வாரத்துல குடுத்துட்டாகளே. என் டிராயர்லதான் கெடக்கு” என்றான் அஜித். வைரவன் அதைச் சொருகினான். உள்ளே மீனம்மாள் ஆச்சி தம்பதியின் மணிவிழா வீடியோ இருந்தது. பேத்தியின் கல்யாண வீடியோ மூன்று பாகமாக இருந்தது. வளவு இல்லை.

மத்தியானம் வைரவனும் அஜித்தும் ஆச்சியைப் பார்க்கப் போனார்கள். ஆச்சி காரைக்குடி சுப்பிரமணியபுரத்தில் வாடகை வீட்டில் இருந்தார், நாட்டரசன்கோட்டை வீடு எழும்புகிற வரைக்கும். நாற்பது வருஷம் பினாங்கில் குடித்தனம் செய்தவர். கம்ப்யூட்டர், டிவி, போன் எதுவும் அவருக்குப் புதுசு இல்லை.

“வாங்க, வாங்க. மொதல்ல காப்பி சாப்பிடுங்க.”

காப்பி வந்தது. வைரவன் மெல்லக் கேட்டான்.

“ஆச்சி, அன்னைக்கு வளவுப் படம் குடுத்தோம்ல, அதை உங்க கம்ப்யூட்டர்ல எடுத்து வச்சிருக்கீகளா?”

“இல்லையே. டிவியிலயே சொருகிப் பாத்தேன். ரெண்டு நாள் பாத்தேன். எங்க அப்பச்சி சாஞ்சு உக்காருற தூணு வந்துச்சு, அப்பிடியே கண்ணு கலங்கிருச்சு. பாத்து முடிச்சு, எல்லாத்தையும் அழிச்சுச் சுத்தம் பண்ணிக் குடுத்தேன். அடுத்தவுக ஏனத்தைக் கழுவாமயா குடுக்குறது?”

அஜித் தரையைப் பார்த்தான்.

“வெறுமனேயும் குடுக்கக் கூடாதுல்ல. அதான் எங்க மணிவிழாவைப் போட்டேன். அப்பறமும் எடம் கெடந்துச்சு. கொடுக்குறதுதான் கொடுக்குறோம், அரைகுறையா எதுக்குன்னு பேத்தி கல்யாணத்தையும் போட்டு ரொப்பிக் குடுத்தேன். பாத்தீகளா?”

“பாத்தோம் ஆச்சி” என்றான் வைரவன். காப்பி நாக்கில் ஒட்டியது. சொல்லாமல் எழுந்து போய்விடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. ஆனால் வீடு அவருடையது. “ஆச்சி, அந்தப் படம் எங்ககிட்ட வேற எங்கயும் இல்ல.”

ஆச்சிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“காப்பி எடுத்துல்ல குடுத்திருக்கீகன்னு நெனச்சேன்.”

“நாங்களும் அப்படித்தான் நெனச்சோம்.”

ஆச்சி டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப வளவு?”

“பாக்குறோம் ஆச்சி” என்றான். என்ன பார்க்கப் போகிறான் என்று அவனுக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை முழுக்க அந்த பென்டிரைவோடு மல்லுக்கட்டினான். அழித்த படம் உடனே அழிவதில்லை. மேலே வேறு ஒன்று எழுதப்படுகிற வரைக்கும் அடியில் கிடக்கும், தோண்டி எடுத்துவிடலாம். ஆச்சி ஒரே ஒரு பிள்ளையார் படத்தைப் போட்டுக் கொடுத்திருந்தால் அறுநூற்றுப் பத்துப் படமாவது திரும்பியிருக்கும். ஒரு பாட்டைப் போட்டிருந்தாலும் பாதகமில்லை. ஆச்சியின் கை தாராளக் கை. மணிவிழா வளவுப் படங்களில் பாதியை மூடியது, பேத்தி கல்யாணம் மீதியில் பெரும்பாகத்தை மூடியது. சாயங்காலம் நாலு மணிக்குத் தோண்டல் முடிந்தபோது திரும்பி வந்தவை முப்பத்தேழு படம். அதில் ஒன்பது பாதிக்கு மேல் சாம்பல் நிறம்.

முப்பத்தேழையும் அவன் கதிரவனுக்கு அனுப்பினான். பிறகு போன் பண்ணினான். நடந்தது அத்தனையும் சொன்னான், ஒன்பது தடவை அமுக்கியது உள்பட.

“மச்சான்?”

“கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றார் கதிரவன். “கொட்டகையில ஐநூத்தி எழுவத்தஞ்சு மரம் கெடக்கு மாப்ளே. ஒவ்வொண்ணாத் தூக்கிப் பொருத்திப் பாக்கணும். சேரலன்னா எறக்கணும். அடுத்ததத் தூக்கணும்.”

“எத்தன மாசம் ஆகும் மச்சான்?”

“மாசமா?” என்றார் கதிரவன். அப்புறம் சொன்னார்: “உளிய எடுத்தவன் கையப் புடிச்சுத் தடுத்தியே, அப்ப நான் ஒன் மெஷின நம்பல. ஒன்னயத்தான் நம்புனேன்.” வைத்துவிட்டார். வைரவன் பாத்ரூமில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

திங்கட்கிழமை சத்தியமூர்த்தி எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். அஜித்தை ஒரு மூச்சுத் திட்டித் தீர்த்துவிட்டு நாச்சியார் பக்கம் திரும்பினார்.

“காணாமப் போனதுகூடப் பரவால்ல. காணோங்கிறதே தெரியாம மூடி வச்சிருக்கியே, அதச் சொல்லு. அது இல்லேன்னா மறுநாளே தெரிஞ்சிருக்கும்ல? நாளையிலருந்து நீ வர வேணாம்.”

நாச்சியார் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவன் அந்த அறையில் வைரவன் ஒருவன்தான். அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதோடு முடிந்தது. மெஷினுக்கு அது பிடிபடவில்லை சார், எந்த மெஷினும் நூற்றுக்கு நூறு கிடையாது என்று ஒரு வரி சொன்னால் சத்தியமூர்த்தி நம்பிவிடுவார். அந்த வரி அவன் நாக்கு வரைக்கும் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

“சார், மெஷின் என்கிட்ட ஒம்பது தடவ கேட்டுச்சு” என்றான். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். “இந்தா பாருங்க, தேதி இருக்கு. இந்தப் புள்ள இப்படி நிரப்புறது எனக்கு சித்திரையிலயே தெரியும். தப்புன்னு எனக்குப் படல. வழக்கம்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். நிப்பாட்டுறதுன்னா என்னைய நிப்பாட்டுங்க.”

சத்தியமூர்த்தி ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேஜை மேல் குங்குமக் கிண்ணம் இருந்தது. அதுவும் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. அவர் யாரையும் நிறுத்தவில்லை. பேக்கப் வைத்திருக்கிற நாற்பத்தெட்டு நாளை முந்நூற்றறுபத்தைந்து ஆக்கச் சொன்னார். ஆச்சியிடம் தானே போய்ப் பேசுகிறேன் என்றார்.

வெளியே வந்ததும் நாச்சியார் வைரவன் பின்னாலேயே வந்தாள்.

“அண்ணே, வளவுல கெடக்குற பட்டாலைப் படத்த எடுத்துறவா?”

“எடுத்துரு.”

“எடுத்துட்டு?”

“ஒண்ணும் போடாத.”

“வெறுமனேவா?”

“வெறுமனேதான் விடு.”

அவள் உட்கார்ந்து அறுநூற்றுப் பன்னிரண்டையும் தேர்ந்தெடுத்தாள். அழிக்கிற பட்டனுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். அமுக்கினாள். திரை வெள்ளையாயிற்று. அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை வைரவன் ஆபீஸுக்கு வந்தபோது பேக்கப் முடிந்திருந்தது. வளவுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி. ஃபோல்டர் என்றால் காலியாக இருக்காது என்று எட்டு மாதமாகப் படித்திருந்த மெஷின், முதல் தடவையாக ஒரு காலி ஃபோல்டரைப் பார்த்துக் கத்தியிருந்தது: அறுநூற்றுப் பன்னிரண்டு கோப்புகளைக் காணவில்லை. இழப்பா, வழக்கமா?

கேள்வியை அவன் முழுசாகப் படித்தான். பிறகு ‘இழப்பு’ என்று அமுக்கினான். மெஷின் அதையும் பாடமாக எடுத்துக்கொண்டு, இழந்த தேதி என்ன என்று கேட்டது. அந்த ஆவணி வெள்ளிக்கிழமையின் தேதியை அடித்தான்.